‘ச்சி’ என்பது உடம்பில் ஓடும் கரண்டா? சீன மொழி வகுப்பில் கிடைக்கும் பதில்

தமிழில் ஒருவர் ‘ச்சீ’ என்றால், எதையோ மிதித்துவிட்டார் என்று அர்த்தம். சீனத்தில் ‘ச்சி’ என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. எனர்ஜி என்பார்கள். பிராண சக்தி என்பார்கள். உடம்புக்குள் ஓடும் ஒரு வகைக் கரண்ட் என்பவரும் உண்டு. யூடியூபைத் திறந்தால் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பந்தை உருட்டிக்கொண்டிருப்பார். கீழே ஒரு கூட்டம் “நானும் உணர்ந்தேன்” என்று எழுதும். இன்னொரு கூட்டம் “எல்லாம் டுபாக்கூர்” என்று எழுதும்.

இரண்டு கூட்டமும் ஒரு சின்ன வேலையைச் செய்யவில்லை என்பது என் எண்ணம். அந்தச் சொல்லைச் சீனர்கள் அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்கக் குருவிடம் போக வேண்டாம், மலையேற வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தின் சீன மொழி வகுப்பில் முதல் வருஷ மாணவராகப் போய் உட்கார்ந்தால் போதும்.

அதற்குப் பொருத்தமான இடம் பெய்ஜிங்கின் ஹைதியன் பகுதியில் இருக்கிறது: பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகம். வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிக்கவென்றே 1962இல் தொடங்கப்பட்டது. அதன் வேர் இன்னும் கொஞ்சம் பழையது. 1950இல் பக்கத்திலுள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த 33 மாணவர்களுக்காகத் தொடங்கிய வகுப்புதான் அது. இங்கும் இதுபோன்ற மற்ற இடங்களிலும் காலையில் பேச்சு, கேட்டல், வாசிப்பு என்று மொழிப் பாடங்கள் நடக்கும். மதியத்துக்கு மேல் விருப்பப் பாடமாகத் தூரிகை எழுத்தோ தைஜியோ (‘தாய் சி’ என்று நாம் சொல்லும் மெதுவான உடற்பயிற்சி) எடுத்துக்கொள்ளலாம். காலையில் நாக்கு, மாலையில் கால். ‘ச்சி’ இரண்டு இடத்திலும் வரும்.

### முதலில் ஒரு ‘ம்’

சீனம் கஷ்டம் என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், ஒரே சொல்லைப் பல விதமாக இழுக்க வேண்டும் என்பது. அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

வீட்டில் அம்மா ஏதோ கேட்கிறார். நீங்கள் மொபைலைப் பார்த்தபடியே ‘ம்’ என்கிறீர்கள். குரலை இறக்கிச் சொன்னால் ‘சரி’ என்று பொருள். ஏற்றிச் சொன்னால் ‘என்ன சொன்னீங்க?’. கீழே கொண்டுபோய் மெல்ல மேலே எடுத்தால் ‘அப்படியா, பார்க்கலாம்’. ஒரே உயரத்தில் இழுத்தால் ‘இருங்க, யோசிக்கிறேன்’. எழுதினால் எல்லாம் ஒரே ‘ம்’. காதுக்கு நான்கு வேறு பதில்கள். உங்கள் அம்மா ஒரு முறைகூடக் குழம்பியிருக்க மாட்டார்.

இப்படிக் குரலின் ஏற்ற இறக்கமே பொருளைத் தீர்மானிப்பதைத் தொனி என்று வைத்துக்கொள்வோம். தமிழில் தொனி நம் மனநிலையைச் சொல்கிறது. சீனத்தில் அது சொல்லையே மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மாண்டரின் எனப்படும் பொதுச் சீனத்தில் நான்கு தொனிகள் இருக்கின்றன: உயரத்தில் சமமாக நிற்பது, ஏறுவது, தாழ்ந்து எழுவது, சட்டென்று இறங்குவது. இவை தவிர, அழுத்தமே இல்லாமல் லேசாக விழும் அசைகளும் உண்டு. எல்லாப் பாடநூல்களும் ‘மா’வைத்தான் உதாரணம் காட்டும். முதல் தொனியில் அம்மா, இரண்டாவதில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. அம்மாவைக் குதிரை ஆக்கிய கதை ஒவ்வொரு வெளிநாட்டு மாணவரிடமும் ஒன்று இருக்கும்.

நம் ‘ச்சி’க்கும் இதே கதிதான். முதல் தொனியில் அது ஏழு என்ற எண். இரண்டாவதில் கொடி. மூன்றாவதில் எழுவது, தொடங்குவது. நான்காவதில், கையால் ஒரு பொருளை மேஜையில் பட்டென்று வைப்பதுபோல் இறக்கிச் சொன்னால் மட்டும்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். மூன்றாவது தொனி ‘ச்சி’யைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

### காகிதத் துண்டுப் பரிசோதனை

அடுத்து உச்சரிப்பு. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு ‘பாட்டு’ என்று சொல்லுங்கள். காகிதம் ஏறக்குறைய சும்மா இருக்கும். இப்போது அதே ‘பா’வோடு, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்கும் ஊதலையும் சேர்த்துச் சொல்லுங்கள். காகிதம் படபடக்கும். சீனத்தில் இந்த இரண்டும் இரண்டு தனி ஒலிகள். க, த, ச போன்ற ஒலிகளிலும் இப்படி ஊதல் இல்லாதது ஒன்று, ஊதல் உள்ளது ஒன்று என்று ஜோடி ஜோடியாக வரும்.

இங்கே தமிழருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ‘பெய்ஜிங்’ என்பதை நாம் ‘பஸ்’ஸில் வரும் ஒலியோடு தொடங்குகிறோம். உண்மையில் அது ‘பாட்டு’வில் வரும் நம் சொந்த ‘ப’தான். ஊதல் இல்லாத ஜோடி நமக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது, ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்தான் அதற்குத் திண்டாடுவார். நாம் உழைக்க வேண்டியது ஊதல் உள்ள ஜோடிக்கு.

இந்த ஊதலுக்குச் சீன இலக்கணத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘சோங்ச்சி’. சோங் என்றால் அனுப்புவது. ஊதல் ஒலி என்றால் ‘ச்சியை அனுப்பும் ஒலி’. ஊதல் இல்லாதது ‘ச்சியை அனுப்பாத ஒலி’. மொழி மாணவர் முதல் வாரத்தில் சந்திக்கும் ‘ச்சி’ இதுதான்: காகிதத்தை அசைக்கும் கொஞ்சம் காற்று. இதில் மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை.

இதே காகிதம் இன்னொரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவைக்கிறது. ‘தாய் சி’ என்று நாம் சொல்லும் பயிற்சியின் பெயரிலேயே இந்தச் ‘ச்சி’ இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அது ‘தைஜி’. அந்த ‘ஜி’ ஊதல் இல்லாத ஒலி, ‘பச்சிலை’ என்று சொல்லும்போது நடுவில் வருவதுபோல. நம் ‘ச்சி’ அதோடு ஊதலும் சேர்ந்தது. இரண்டும் வேறு எழுத்து, வேறு பொருள். ‘ஜி’ பழைய வழக்கில் வீட்டுக் கூரையின் மோட்டு விட்டத்தைக் குறித்தது, பிறகு உச்சி, எல்லை என்று விரிந்தது. தைஜி என்றால் பேரெல்லை. பழைய ரோமன் எழுத்துக்கூட்டலில் இரண்டு ஒலியையும் ஒரு மேற்கோள் குறிதான் பிரித்துக் காட்டியது. அச்சில் அந்தக் குறி உதிர்ந்துபோக, இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒரு சின்னக் குறி காணாமல்போனதால் உலகம் முழுக்கப் பரவிய தவறு இது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தொனி மாறினால் சீனத்தில் சொல் மாறும். ஊதல் சேர்ந்தாலும் சொல் மாறும். அந்த ஊதலின் பெயரிலேயே ‘ச்சி’ இருக்கிறது, தைஜியின் பெயரில் இல்லை.

### எழுத்துக்குள் அரிசி

சீன எழுத்துகள் எல்லாமே படங்கள் என்பது பாதி உண்மை. பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டுகளை ஒட்டியவை. ஒன்று பொருளுக்குக் குறிப்பு, மற்றது ஒலிக்குக் குறிப்பு. ‘ச்சிங்’ என்ற ஒலித்துண்டோடு நீரைச் சேர்த்தால் தெளிவு. சூரியனைச் சேர்த்தால் வெயில் அடிக்கும் நாள். இதயத்தைச் சேர்த்தால் உணர்வு. பேச்சைச் சேர்த்தால் ‘தயவுசெய்து’. இந்தச் சூட்சுமம் பிடிபட்டால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறைந்துவிடும்.

‘ச்சி’யின் பழைய வடிவத்தில் மேலே ஆவி, கீழே அரிசி. சோறு கொதிக்கும் பானையிலிருந்து எழும் ஆவி என்று ஆசிரியர்கள் அழகாகச் சொல்வார்கள். மாணவர்களும் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் கி.பி. 100 வாக்கில் எழுதப்பட்ட ‘ஷூவோவென்’ என்ற எழுத்து அகராதி வேறு கதை சொல்கிறது. அரிசி இல்லாத வடிவத்துக்கு மேக ஆவி என்றும், அரிசி சேர்ந்த வடிவத்துக்கு விருந்தாளிக்குத் தானியம் கொடுப்பது என்றும் அது பொருள் தருகிறது. பின்னாளில் இரண்டாவது எழுத்து முதலாவதின் வேலையையும் எடுத்துக்கொண்டது. இன்று சீனாவில் எழுதும் எளிய வடிவத்தில் அரிசி கிடையாது. எது எப்படியோ, அடியில் இருப்பது ஆவிதான்: கையில் பிடிக்க முடியாதது, ஆனால் அசைவதை வைத்து உண்டு என்று தெரிந்துகொள்வது.

### ஒரு சொல், ஊர்ப்பட்ட வேலை

இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

தமிழில் ‘சூடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காபி சூடு. விவாதம் சூடு. மாம்பழம் சாப்பிட்டால் உடம்புக்குச் சூடு. வியாபாரம் சூடு பிடிக்கிறது. அவனுக்குச் சூடு சொரணை இல்லை. ஒரு வெளிநாட்டவர் வந்து, “தமிழர்கள் ‘சூடு’ என்ற ஒரு ரகசியப் பொருளை நம்புகிறார்கள், அது காபியிலும் சந்தையிலும் தன்மானத்திலும் ஓடுகிறது” என்று புத்தகம் எழுதினால் நாம் சிரிப்போம். அதே சமயம், எல்லாமே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் என்றும் சொல்ல மாட்டோம். கொதிக்கும் நீரைப் பார்த்த அனுபவம் அத்தனை வாக்கியங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொரணையை அளக்கத் தெர்மாமீட்டர் தேடுபவர்தான் யாரும் இல்லை.

‘ச்சி’யும் இப்படித்தான். முதல் ஆறு மாதத்தில் மாணவர் கற்கும் சொற்களை மட்டும் பாருங்கள். ‘தியென்ச்சி’, வானத்தின் ச்சி, அதாவது வானிலை. ‘கோங்ச்சி’, வெற்றிடத்தின் ச்சி, காற்று. ‘மெய்ச்சி’, நிலக்கரியின் ச்சி, சமையல் எரிவாயு. இவை மூன்றும் உண்மையான வாயு விவகாரம். அடுத்த படியில் மனிதர்கள் வருகிறார்கள். ‘ஷெங்ச்சி’, ச்சி உண்டாவது, கோபம். ‘யோங்ச்சி’, துணிச்சல். ‘சியாவ்ச்சி’, சின்னச் ச்சி, கஞ்சத்தனம். ‘பிச்சி’ (நம் பிச்சிப்பூ இல்லை), மண்ணீரலின் ச்சி, ஒருவருடைய சுபாவம். அதிலும் முக்கியமாக முன்கோபம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கெச்சி’. கெ என்றால் விருந்தாளி. விருந்தாளியின் ச்சி என்றால் மரியாதை, கூச்சம், சம்பிரதாயம். நன்றி சொன்னால் பதிலுக்குச் சீனர்கள் ‘பூ கெச்சி’ என்பார்கள். விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளாதே என்பது அதன் நேர்ப்பொருள். நம் வீடுகளில் “என்ன, மூணாம் மனுஷர் மாதிரி தேங்க்ஸ் எல்லாம் சொல்லிக்கிட்டு” என்று கடிந்துகொள்வார்களே, அதே அன்பு.

இந்த வரிசையில் எந்த இடத்தில் ‘எனர்ஜி’யைப் பொருத்துவீர்கள்? வானத்தின் எனர்ஜி வானிலையா? விருந்தாளியின் எனர்ஜி மரியாதையா? இயற்பியலில் ஆற்றல் என்பதற்கு ஜூல் என்ற அலகு இருக்கிறது, அளக்கலாம், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கலாம். ‘ச்சி’க்கு அலகு கிடையாது, இருக்க வேண்டும் என்று அந்த மொழி எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு பொருளின், இடத்தின், ஆளின் கண்ணுக்குத் தெரியாத ‘நிலை’ மாறிக்கொண்டே இருப்பதை அது சொல்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் எனர்ஜி வந்து உட்கார்ந்தது. அதன்பின் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

### மண்ணீரல் என்று சொன்னால் மண்ணீரல் இல்லை

இந்தச் சொற்களோடுதான் சீன மருத்துவமும் பேசுகிறது. அதன் மூலநூலாகக் கருதப்படும் ‘மஞ்சள் பேரரசரின் உள் நூல்’ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அதில் ஐந்து முக்கிய உறுப்புகள்: இதயம், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம். சீன மருத்துவர் “உங்கள் மண்ணீரல் ச்சி குறைவு” என்றதும் பதறி ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் நன்றாகவே இருக்கும். அந்த மருத்துவத்தில் ‘மண்ணீரல்’ என்பது செரிமானம், அதிலிருந்து கிடைக்கும் தெம்பு ஆகிய வேலைகளின் தொகுப்புக்கு வைத்த பெயர். இன்றைய உடற்கூறியலில் மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டும், நோய் எதிர்ப்புக்கு உதவும், செரிமானத்தில் அதற்குப் பங்கில்லை. பிறகு மேலைநாட்டு உடற்கூறியல் வந்தபோது பழைய பெயர்களையே புதிய உறுப்புகளுக்கும் ஒட்டினார்கள். குழப்பம் அங்கே தொடங்கியது. ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது பித்தப்பையைச் சோதிக்க யாரும் போவதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

‘ச்சி ஓடும் பாதைகள்’ என்ற படத்தையும் பார்த்திருப்பீர்கள், மனித உருவத்தின்மேல் கோடு கோடாகப் போட்டிருக்கும். அந்தப் பாதைகளை நாடித்தடங்கள் என்போம். பஸ் ரூட் மேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ரூட் நம்பரைத் தேடி ரோட்டைத் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. உடலை அறுத்துப் பார்த்தவர்களுக்கும் நாடித்தடம் என்று தனியாக ஒரு குழாய் கிடைக்கவில்லை. எங்கே அழுத்தினால் எங்கே வலி குறைகிறது என்று பல தலைமுறை மருத்துவர்கள் குறித்துவைத்த வரைபடமாக அதை வாசிக்கலாம். அதற்காக வரைபடம் சொல்வது எல்லாம் சரியாகிவிடாது. நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி போன்றவற்றில் குத்தூசி சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது. சும்மா தோலில் தொட்டு ஏமாற்றும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் அந்தப் பயனில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

சுருக்கமாக: அன்றாடச் சீனத்தில் ச்சி என்பது ஒரு நிலையைச் சொல்லும் சொல். மருத்துவத்தில் அதே சொல், உடம்பின் வேலைகளைத் தொகுத்துப் பேசும் வழி. உறுப்புப் பெயர்களை நேரடியாக எடுத்துக்கொண்டால் தடுக்கி விழுவோம்.

### மைதானத்தில் என்ன நடக்கிறது

சரி, மாலை தைஜி வகுப்புக்கு வருவோம். ஆசிரியர் இரண்டு கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒன்று ‘ஃபாங்சோங்’, தளர்த்து. இன்னொன்று ‘ச்சியைத் தாந்தியனுக்கு இறக்கு’. தாந்தியன் என்பது தொப்புளுக்குக் கீழே சுமார் மூன்று விரல் தள்ளி, உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் இடம்.

இந்தக் கட்டளையை உடம்பு எப்படி நிறைவேற்றுகிறது என்று பார்த்தால் புதிர் அவிழ்கிறது. தோளைத் தூக்கி மார்பால் மூச்சுவிடுவதை நிறுத்துகிறீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரித்த தாள்போல் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது. அதனால் அடிவயிறு முன்னால் வருகிறது. காற்று நுரையீரலைத் தாண்டிப் போகவே போகாது. ஆனால் உணர்வில் ‘மூச்சு வயிற்றுக்கு இறங்கியது’ என்றே தோன்றும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பும் கொஞ்சம் தணிகிறது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்ற நரம்பு அந்த வேலையைச் செய்கிறது. இதை ஒரே வாக்கியத்தில் மாணவருக்குச் சொல்லச் சீனத்திடம் ஏற்கெனவே இருந்த சொல் ச்சி. உதரவிதானத்தை இறக்கு என்று சொன்னால் யாருக்கும் செய்யத் தெரியாது. ச்சியை இறக்கு என்றால் செய்துவிடுகிறார்கள். கட்டளை என்ற அளவில் அது அருமையான கட்டளை.

கால்கள் படும் பாடு இதைவிடச் சுவாரஸ்யம். தைஜியைப் பார்த்தால் ஏதோ தண்ணீருக்குள் நடப்பதுபோல் சொகுசாக இருக்கும். செய்து பார்த்தால் பத்தாவது நிமிஷத்தில் தொடை நடுங்கும். முழங்காலை மடக்கியபடியே உடலின் மொத்த எடையையும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். வேகமாக நடக்கும்போது நாம் விழுந்து விழுந்து எழுகிறோம், வேகமே நம்மைத் தாங்கிவிடும். மெதுவாக நடந்தால் ஒவ்வொரு நொடியும் நாமேதான் தாங்க வேண்டும். சைக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டியில் எத்தனை பேர் காலை ஊன்றுவார்கள் என்று பள்ளி விளையாட்டு விழாவில் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

அதனால்தான் தைஜியின் பலனுக்கு வலுவான சான்று சமநிலை விஷயத்தில் கிடைக்கிறது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பார்கின்சன் நோய் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, 24 வாரம், ஒரு குழுவுக்குத் தைஜி, ஒரு குழுவுக்கு எடைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு உடலை நீட்டும் பயிற்சி கொடுத்தார்கள். தடுமாறாமல் நிற்பதில் தைஜிக் குழு மற்ற இரண்டையும் மிஞ்சியது. கீழே விழுவதும் நீட்டல் குழுவைவிடக் குறைந்தது. புற்றுநோய் போகும், சர்க்கரை மாத்திரையைத் தூக்கிப் போடலாம் என்று பேசுபவர்கள் இந்தச் சான்றைக் காட்டினால் நம்ப வேண்டாம்.

### எல்லாம் 1956ஐச் சுற்றி

பல்கலைக்கழகத்தில் சொல்லித்தரும் இந்தச் சீனமும் இந்தத் தைஜியும் எவ்வளவு பழையவை? விளம்பரங்கள் ஐயாயிரம் ஆண்டு என்று தொடங்கும்.

பழைய வேர் உண்மைதான். 1973இல் ஹூனான் மாநிலத்தின் மாவாங்துவெய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அதிலிருந்த பட்டுத்துணி ஓவியத்தில் 44 பேர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சிலர் கையை நீட்டுகிறார்கள், சிலர் குனிகிறார்கள், ஒருவர் கோலோடு நிற்கிறார். மூச்சும் அசைவும் சேர்ந்த பயிற்சி அங்கே அவ்வளவு பழையது.

ஆனால் வகுப்பறைக்கு வருவது வேறு பதிப்பு. கொஞ்சம் வருஷங்களை அடுக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எளிமையாக்கிய எழுத்துகளின் திட்டம் 1956. பொதுச் சீனத்தை நாடு முழுக்கப் பரப்பும் அரசாணை 1956. சீன மருத்துவத்துக்கென்று பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்து நகரங்களில் முதல் நான்கு கல்லூரிகள் 1956. பழைய நீண்ட தொடரை வெட்டி, ஐந்தாறு நிமிஷத்தில் முடியும்படி விளையாட்டுத் துறை உருவாக்கிய 24 அசைவுத் தைஜி, அதுவும் 1956. ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதும் பின்யின் முறை 1958. அதை உருவாக்கிய குழுவில் முக்கியப் பங்காற்றிய சோ யூகுவாங் 1906இல் பிறந்து 2017 வரை, 111 வயது வாழ்ந்தார். ‘ச்சிகோங்’ என்று இன்று நாம் சொல்லும் மூச்சுப் பயிற்சிக்கு அந்தப் பெயர் பொதுப்பெயராக நிலைத்ததும் அதே 1950களில், மருத்துவமனைகள் வழியாக.

இது தற்செயல் இல்லை. புதிய கம்யூனிஸ்ட் அரசுக்குக் கோடிக்கணக்கானவர்களுக்கு எழுத்தறிவும் வேண்டியிருந்தது, சுகாதாரமும் வேண்டியிருந்தது. குருவிடம் பத்து வருஷம் காத்திருந்து கற்பதை, பாடத்திட்டம், மணி, தேர்வு என்று மாற்றினார்கள். அதற்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. 1929இல் அன்றைய தேசியவாத அரசின் சுகாதாரக் குழு சீன மருத்துவத்தையே படிப்படியாக ஒழிக்கத் தீர்மானம் போட்டது. மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கடையடைத்துப் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். ஆகவே பல்கலைக்கழக மைதானத்தில் நாம் பார்ப்பது, பழைய துணியில் 1950களில் தைத்த சீருடை. அதில் எனக்குக் குறையாக ஒன்றும் தெரியவில்லை. சீருடை என்று தெரிந்து போட்டுக்கொண்டால் சரி.

போகிற போக்கில் நம் ஊர்ச் சமாச்சாரம் ஒன்று. காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்கு இந்தப் பயிற்சிகளையும் சண்டைக் கலையையும் கற்றுக்கொடுத்தார் என்று சினிமா பார்த்த உற்சாகத்தில் பலர் சொல்கிறார்கள். அவர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பாரசீகர் என்று இன்னொன்று சொல்கிறது. அவர் பெயரில் உலவும் ‘தசைநார் மாற்றும் நூல்’ வெளிப்பட்டது 17ஆம் நூற்றாண்டில், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து. பெருமைப்பட நமக்கு வேறு எத்தனையோ இருக்கிறது, இதை விட்டுவிடலாம்.

### மொழி மாணவர் வேறு, மருத்துவ மாணவர் வேறு

தமிழ்நாட்டிலிருந்து சீனாவுக்கு எம்.பி.பி.எஸ் படிக்கப் போகிறவர்கள் நிறைய. அவர்களைப் பார்த்து “மூலிகை வைத்தியமா படிக்கிறே?” என்று கேட்கும் உறவினர்களும் நிறைய. அவர்கள் படிப்பது ‘சீயி’, மேலை மருத்துவம். சீன மருத்துவம் ‘சோங்யி’, அது தனிப் பட்டம், ஐந்து வருஷம், பெரும்பாலும் சீன மொழியில். அதில் பழைய மருத்துவ நூல்களின் செவ்வியல் சீனம் என்றே ஒரு பாடம் உண்டு. சங்கப் பாடலை இன்றைய தமிழை வைத்துக்கொண்டு படித்தால் எப்படித் திணறுவோமோ அப்படித்தான் சீன மாணவர்களும் பழைய மருத்துவ நூல்களில் திணறுகிறார்கள். மதியத்தில் விருப்பப் பாடமாகத் தைஜி எடுத்த மொழி மாணவர் இந்த இருவரிலும் சேர்த்தி இல்லை. அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது.

அந்தப் பழைய நூல்களை ஊன்றிப் படிப்பது எதற்காவது உதவுமா என்று கேட்பவர்களுக்குச் சீன விஞ்ஞானி து யூயூவின் கதை இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவருடைய குழு, ச்சிங்ஹாவ் என்ற செடியின் சாற்றைச் சோதித்தபோது பலன் ஒரு முறை வந்தது, மறுமுறை வரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய கைமருத்துவக் குறிப்பை எடுத்து மறுபடி படித்தார். ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவை, பிழி, சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சு என்ற சொல்லே இல்லை. சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, 35 டிகிரி அளவிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971இல் அந்தச் சாறு எலிகளிலும் குரங்குகளிலும் மலேரியா ஒட்டுண்ணியை முழுதாக ஒழித்தது. 2015இல் நோபல் பரிசு. சீன மருத்துவத்தின் வெற்றி என்று ஒரு சாரார் இதைக் கொண்டாடுவார்கள், ஆய்வகத்தின் வெற்றி என்று இன்னொரு சாரார். நான் பார்ப்பது, ‘பிழி’ என்ற வினைச்சொல்லைக் கவனமாகப் படித்த ஒருவரை.

சரி, மைதானத்தில் வகுப்பு தொடங்கப்போகிறது. மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கண்ணை மூடி உள்ளங்கையில் ஏதாவது கதகதப்பு தெரிகிறதா என்று பார்க்கிறார். ஆசிரியர் உரத்த குரலில் “ச்சி ஷி!” என்கிறார். புதியவரின் முகம் மலர்கிறது, ஆகா, வந்துவிட்டது. ஆனால் குரல் கீழே இறங்கித் தாழ்ந்தே ஒலித்தது. அது மூன்றாவது தொனி. 24 அசைவுகளில் முதலாவதின் பெயர் அது, ‘தொடக்க நிலை’. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.